வினாவும் செவியும்

தமிழில் 'கேள்' என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. வினவுதல் ஒன்று, செவிகொடுத்தல் மற்றொன்று. வள்ளுவர் 'கேள்வி' என்று ஓர் அதிகாரத்துக்குப் பெயரிட்டபோது, பிறரை வினவுவதைப் பற்றி அவர் பேசவில்லை; செவிவழியே அறிவு பெறுவதைப் பற்றியே பேசினார். வினவியவன் செவிசாய்க்கவும் கடமைப்பட்டவன் என்னும் அறம் இச்சொல்லுள்ளேயே அடங்கிக் கிடக்கிறது எனலாம். அவ்வறம் இன்று மருத்துவ ஆய்வு என்னும் களத்தில் புதியதொரு சோதனைக்கு உள்ளாகியிருக்கிறது.

மருத்துவர், தாதியர், மருந்தாளர், மருத்துவ உதவியாளர் ஆகியோரிடம் அவர்தம் பட்டறிவைக் கேட்டறிவது ஆய்வாளர்களின் நெடுநாள் வழக்கம். எந்த நோய் பெருகுகிறது, எந்த மருந்து பயன் தருகிறது, பணியில் நேரும் இடர் யாது, குறை யாது என்பனவற்றை நாள்தோறும் நோயாளியின் அருகில் நிற்போரே நன்கறிவர். முன்பெல்லாம் வினாப்பட்டியலை அச்சிட்டு, உறையிலிட்டு, மறுமொழிக்கென அஞ்சல்தலை ஒட்டிய மற்றோர் உறையையும் உடன்வைத்து அனுப்புவர். இன்று அதே வினாக்கள் இணையத்தில் ஏற்றப்படுகின்றன. அவற்றைத் திறக்கும் இணைப்பு, மின்னஞ்சலிலோ, நாம் புலனம் என்று வழங்கும் வாட்சாப்பிலோ வந்து சேர்கிறது. ஒருமுறை தொட்டால் வினா விரிகிறது. மறுமுறை தொட்டால் விடை போய்ச் சேர்ந்துவிடுகிறது.

இம்மாற்றம் மாட்டு வண்டியை விட்டு மோட்டார் வண்டி ஏறியது போன்ற மாற்றந்தானா? அன்றி, போய்ச் சேரும் ஊரே மாறிவிட்டதா? நெகிரி செம்பிலான் தோட்டங்களை மனத்தில் நிறுத்தி இதனை ஆராய்வோம். யார் கேட்கப்படுகின்றனர், யார் விடுபட்டுப் போகின்றனர் என்னும் வேறுபாடு அங்கே தெளிவாகப் புலப்படும்.

அஞ்சல் ஆற்றிய பணி

முதலில் அஞ்சலுக்குரிய பெருமையை அஞ்சலுக்குக் கொடுத்துவிடுவோம். 1951ஆம் ஆண்டு அக்டோபரில் ரிச்சர்டு டோல், ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் என்னும் ஆய்வாளர் இருவர், பிரிட்டனின் மருத்துவர் பதிவேட்டில் இடம்பெற்றிருந்த ஏறத்தாழ 60,000 பேருக்குக் கடிதம் விடுத்தனர். புகைப்பழக்கத்தைப் பற்றிய எளிய வினாக்கள் சிலவற்றையே கேட்டனர். பட்டியலை நீட்டினால் விடை வாராது என்பதை அறிந்து, வேண்டுமென்றே சுருக்கிக் கேட்டனர். மூன்றில் இரு பங்கினர் பயன்படத்தக்க விடை எழுதினர். அவருள் ஆண் மருத்துவர் 34,439 பேர். அவர்களுடைய வாழ்வையும் சாவையும் ஐம்பது ஆண்டுக்காலம் தொடர்ந்து குறித்து வந்ததன் பயனாகவே, வாழ்நாள் முழுதும் புகைப்போர் புகைக்காதோரைவிடச் சராசரி 10 ஆண்டுகள் முன்னதாக மறைகின்றனர் என்னும் உண்மை 2004இல் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது. முதல் அறிக்கை 1954இலேயே வெளிவந்துவிட்டது.

இவ்வாய்வில் பலரும் கவனியாத நுட்பம் ஒன்றுண்டு. விடை எழுதியோரின் இறப்பு வீதம், தொடக்க ஆண்டுகளில், ஒட்டுமொத்த மருத்துவர்களின் இறப்பு வீதத்தைவிடக் குறைவாக இருந்தது. விடை எழுதியதால் எவருக்கும் ஆயுள் கூடிவிடவில்லை. கடிதம் வந்த காலத்தில் கடுநோயில் கிடந்தோர் பேனாவை எடுக்கவில்லை. அதனால் விடைகளின் குவியலில் நலமுடையோரே மிகுந்திருந்தனர். ஆய்வாளரிடம் பதிவேடு இருந்தது. அதனால் யார் பேசினர் என்பதோடு யார் பேசவில்லை என்பதையும் அவர்களால் அறிய முடிந்தது. வாராத விடையையும் அவர்கள் வாசித்தனர்.

அமெரிக்காவில் 1976இல் தொடங்கிய தாதியர் நல ஆய்வும் அஞ்சலின் குழந்தையே. கருத்தடை மாத்திரைகளின் நெடுங்கால விளைவை அறியும் நோக்குடன் தாதியருக்கு வினாப்பட்டியல் அனுப்பப்பட்டது. 121,700 பேர் விடை எழுதினர். நோயின் பெயரையும் மருந்தின் பெயரையும் பிழையின்றி எழுத வல்லவர் என்பதனாலேயே தாதியரைத் தேர்ந்தனர். 1989இல் தொடங்கிய இரண்டாம் ஆய்வும் அஞ்சல் வழியே நடைபெற்றது. 2010இல் தொடங்கிய மூன்றாம் ஆய்வோ முற்றிலும் இணையத்திலேயே நடத்தப்பட்டது. ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறைக்குள் உறையும் அஞ்சல்தலையும் மறைந்து, திரை வந்து அமர்ந்துவிட்டது.

தோட்டத்து மருத்துவமனையும் அஞ்சற்பையும்

இனி நம் தோட்டங்களுக்கு வருவோம். வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து பணிபுரிபவன் என நால்வகை. நான்காமவனுக்குத் தனி இடம் கொடுத்த அந்த நுண்ணறிவு வியக்கத்தக்கது. லிங்கி, ரந்தாவ், சிலியாவ், லாபு, பகாவ் முதலிய வட்டாரங்களின் தோட்டங்களில் நம் மக்கள் பெரும்பாலும் கண்டது இந்த நான்காமவரைத்தான். மருத்துவர் எப்போதோ ஒருமுறை வந்து பார்த்துச் செல்வார். நாள்தோறும் காய்ச்சலைக் கண்டவர், காயம் கட்டியவர், மருந்து கலக்கிக் கொடுத்தவர், நள்ளிரவில் கதவைத் தட்டினால் விளக்கோடு எழுந்து வந்தவர் 'டிரசர்' என்று மக்கள் அழைத்த மருத்துவ உதவியாளரே.

1965இல் தோட்ட மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம் இயற்றப்பட்டது. இவர்களுக்கென ஒரு பதிவேடு வேண்டும் என்று சட்டமே கருதியது என்பது நம் பொருளுக்கு இன்றியமையாத செய்தி. பதிவேட்டில் பெயருடையவனை எவரும் தேடிப் பிடிக்கலாம். அவனுக்குக் கடிதம் எழுதலாம். விடை வாராவிடில் ஏன் வரவில்லை என்றும் வினவலாம்.

ஆயினும் அஞ்சலைப் போற்றுவதில் நாம் அளவு கடத்தல் கூடாது. தோட்டத்து அஞ்சல் பலவிடங்களிலும் பெறுவோர் வீட்டுக்கு நேரே சென்றதில்லை. அது தோட்ட அலுவலகத்துக்கு வரும். கிராணி பிரித்துக் கொடுப்பார். போகும் கடிதமும் பெரும்பாலும் அதே மேசையைத் தாண்டியே போகும். அலுவலகத்துக்குப் பின்னால் நிற்பவர் துரை. மருத்துவ உதவியாளருக்குச் சம்பளம் தருபவரும் அவரே. லயத்தின் குடிநீர் எத்தகையது, மருந்தடிக்கும் பெண்களுக்குக் கையுறை உண்டா, நோயுற்ற தொழிலாளிக்கு ஓய்வு எழுதிக் கொடுப்பதில் நெருக்குதல் உண்டா என்ற வினாக்கள் ஓர் உறையில் வந்தால், அவ்விடையை எந்தத் துணிவில் அவர் எழுதுவார்? அஞ்சல் அவர் பெயரை நினைவில் வைத்திருந்தது உண்மை. ஆனால் அவர் நாவைக் கட்டியிருந்த கயிற்றை அது அவிழ்க்கவில்லை.

திரை தந்ததும் திரை மறைத்ததும்

இங்கேதான் இணையம் ஒரு நன்மை புரிகிறது. கைப்பேசியில் வரும் வினாவுக்குக் கிராணியின் மேசை தடையில்லை. விடையளிப்பவர் பெரட்டு முடிந்து, மருந்தகம் சாத்தி, இரவு உணவு உண்டபின் தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து எழுதலாம். அச்சுச் செலவும் அஞ்சல் செலவும் இல்லை. கையெழுத்து விளங்கவில்லை என்னும் தொல்லையும் இல்லை. 2020 மார்ச் 18இல் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தபோது, நேரில் சென்று கேட்கவும் இயலாத நிலை ஏற்பட்டது. தாதியரின் சோர்வையும் அச்சத்தையும் உடனடியாக அறிய இணையத்தை விட்டால் வேறு வழி அரிதாயிருந்தது. நோய் ஓடும் வேகத்தில் அஞ்சற்பை ஓடாது. இந்நன்மைகளை மறுப்பது நேர்மையாகாது.

எனினும் இந்த எளிமைக்கு ஒரு விலை உண்டு. இணையவழி ஆய்வுகளிலும் இரு வகை உண்டு. பதிவேட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் தனித்தனியே இணைப்பை அனுப்பி, யார் விடையளித்தார், யார் அளிக்கவில்லை எனக் குறித்து வைப்பது ஒரு வகை. இணைப்பைப் புலனக் குழுவில் இட்டு, 'நண்பர்களுக்கும் அனுப்புக' என்று கேட்டுக்கொள்வது மற்றொரு வகை. முதல் வகையில் திரை வெறும் உறையே. அறம் அப்படியே நிற்கிறது. இரண்டாம் வகையில் பதிவேடு மறைந்துபோகிறது. 'ஐந்நூறு பேர் விடையளித்தனர்' என்று அறிக்கை கூறும். எத்தனை பேருள் ஐந்நூறு என்று கேட்டால் விடை இல்லை. யாரிடம் வினா சென்றது என்பதே தெரியாதபோது, யார் விடையளிக்கவில்லை என்பதை எவ்வாறு அறிவது?

முதல் வகையிலும் எச்சரிக்கை தேவை. பல ஆய்வுகளை ஒப்புநோக்கி 2008இல் வெளிவந்த தொகுப்பாய்வு ஒன்று, இணையவழி வினாக்களுக்கு விடையளிப்போர் விகிதம் பிற முறைகளைவிடச் சராசரி 11 விழுக்காடு குறைவு எனக் கண்டது. உறையைப் பிரிக்காமல் எறியவும் கை சற்றே தயங்கும். மின்னஞ்சலை நீக்க விரலுக்குத் தயக்கமில்லை.

இதனைத் தோட்டத்தில் பொருத்திப் பாருங்கள். பெரிய நகரத்து மருத்துவமனையில் பணிபுரியும் இளம் மருத்துவருக்கு நிறுவன மின்னஞ்சல் உண்டு. குழுக்கள் பல உண்டு. ஒரே இணைப்பு நான்கு வழியாக வந்து சேரும். பகாவுக்கு அப்பால் செம்பனைச் சரிவுகளுக்கிடையே, பல தோட்டங்களுக்கு ஒருவராய்ச் சுற்றிவரும் மூத்த மருத்துவ உதவியாளர் ஒருவரை மனத்தில் எண்ணிக்கொள்வோம். அவர் எந்தக் குழுவிலும் இல்லை. அலை எட்டும் இடத்துக்கு வந்தால்தான் அவர் கைப்பேசி பேசும். வினாக்கள் ஆங்கிலத்திலோ, அலுவலக மலாய் மொழியிலோ இருக்கும். 'தொழில்சார் நச்சுத் தொடர்பு' என்று அவை வினவும். அவர் அறிந்ததோ, மருந்தடித்த கையின் நகம் கழன்று விழுந்த கதை. தோட்டத்து வழக்கில் நோய் தீர்ப்பதும் மருந்து. களை கொல்லும் நஞ்சும் மருந்து. இந்த இரு மருந்துக்கும் இடையே நின்று வாழ்நாளைக் கழித்தவர் அவர். அவருடைய விடை வரவில்லை என்பதுகூட எவருக்கும் தெரியாது. கடிதக் காலத்தில் அவர் பெயருக்கு எதிரே ஒரு வெற்றிடமாவது இருந்தது. இன்று அந்த வெற்றிடமும் இல்லை.

அஞ்சல் முறையே புனிதம், திரையே தீது என்று கூற வரவில்லை என்பதற்கு வரலாறே சான்று. 1936இல் அமெரிக்காவின் 'லிட்டரரி டைஜஸ்ட்' இதழ் அதிபர் தேர்தலைக் கணிக்க ஒரு கோடிப் பேருக்கு அஞ்சல் வழி வாக்குச்சீட்டு அனுப்பியது. 23 இலட்சத்துக்கு மேற்பட்ட விடைகள் குவிந்தன. லாண்டன் வெல்வார் என்றது இதழ். ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களுள் 46இல் வென்றார். பெயர்களைத் தொலைபேசிப் புத்தகத்திலிருந்தும் மோட்டார் வண்டிப் பதிவுகளிலிருந்தும் எடுத்ததும், விடை எழுத ஆர்வம் கொண்டோரே எழுதியதும் இத்தவற்றுக்குக் காரணங்கள். பொருளாதார வீழ்ச்சியால் வாடிய மக்களுள் பலரிடம் தொலைபேசியும் இல்லை. மோட்டார் வண்டியும் இல்லை. ஆகவே குற்றம் தாளிலும் இல்லை, திரையிலும் இல்லை. கைக்கு எட்டியவரைக் கேட்டுவிட்டு, எல்லாரையும் கேட்டதாக எண்ணிக்கொள்வதில் இருக்கிறது குற்றம். திரை அந்த மயக்கத்தை எளிதாக்கி, மலிவாக்கி, வேகமும் ஆக்கிவிட்டது என்பதே நம் கவலை.

புக்கிட் பெலாண்டோக் தந்த பாடம்

யாரைக் கேட்பது என்பதைப் போலவே, எதைக் கேட்பது என்பதும் அறத்தின்பாற்பட்டதே. இதற்கு நெகிரி செம்பிலானே ஒரு துயரமான சான்றைத் தந்திருக்கிறது.

1998 செப்டம்பரில் பேராக் மாநிலத்தில், ஈப்போவைச் சூழ்ந்த பகுதியில் மூளைக்காய்ச்சல் ஒன்று தோன்றியது. ஆண்டின் இறுதியில் அது சிரம்பானை அடுத்த சிக்காமாட்டுக்கு வந்தது; பின்னர்ப் போர்ட்டிக்சன் மாவட்டத்துப் புக்கிட் பெலாண்டோக் வட்டாரத்தில் பெருந்தீயாய்ப் பற்றியது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் கருதினர். கொசுவுக்குப் புகை அடித்தனர், தடுப்பூசி போட்டனர். நோய் நிற்கவில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் சிறுவரைத் தாக்குவது. இங்கு விழுந்தவரோ உழைக்கும் வயதினர்; பன்றிப் பண்ணையில் பணிபுரிந்தோர். தடுப்பூசி போட்டுக்கொண்டவரும் விழுந்தனர். இவ்வேறுபாடுகளைக் கண்டவர்கள் நோயாளியின் அருகில் நின்றவர்களே. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் புதிய கிருமியைப் பிரித்தெடுத்தார். நோயாளி ஒருவரின் ஊரான சுங்கை நிப்பாவின் பெயரால் அது 'நிப்பா' எனப்பட்டது. நாட்டில் 265 பேர் நோயுற்றனர். 105 பேர் மாண்டனர். பின்னர் 94 நோயாளிகளை ஆராய்ந்தபோது அவருள் 93 விழுக்காட்டினர் பன்றிகளோடு நேரடித் தொடர்புடையவர் எனத் தெரியவந்தது.

அந்நாளில் மருத்துவப் பணியாளர்களையும் ஆய்வாளர் மறக்கவில்லை. மனிதரிடமிருந்து மனிதருக்கு இந்நோய் ஒட்டுமா என்பதை அறிய, நோயாளிகளுக்குப் பணிவிடை செய்த 300க்கும் மேற்பட்டோரிடம் வினவியதோடு இரத்தமும் எடுத்துச் சோதித்தனர். ஒட்டும் வாய்ப்பு மிகக் குறைவு என்று தெரிந்தது. அச்சத்தோடு பணியாற்றிய தாதியர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் அந்த விடை எத்துணை ஆறுதலாய் இருந்திருக்கும்!

இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துவது யாது? வினவுகிறவன் தான் முன்னரே எண்ணியிருப்பதையே வினாவாக வடிக்கிறான். கொசுவை எண்ணியவன் கொசுவைப் பற்றியே கேட்பான். அவன் எண்ணாத ஒன்றை விடையளிப்பவன் கூறுவதற்கு ஓர் இடம் வேண்டும். தாளில் அந்த இடம் இயல்பாகவே இருந்தது. பட்டியலின் ஓரத்தில், 'நீங்கள் கேட்டது இருக்கட்டும். இங்கு நடப்பது வேறு' என்று ஒருவர் கிறுக்கி அனுப்பலாம். திரையில் ஓரம் இல்லை. நான்கு விடைகளுள் ஒன்றைத் தொடாவிட்டால் பல படிவங்கள் அடுத்த பக்கத்துக்கே விடுவதில்லை. நான்கும் பொருந்தாதபோது, ஏதோ ஒன்றைத் தொட்டுவிட்டு நகரும்படி அவை மனிதரை வற்புறுத்துகின்றன. அவ்வாறு பெற்ற விடை கணக்கில் ஏறும். ஆனால் அது அவர் கூறியது அன்று. வேண்டியபடி எழுத ஓரிடம் விடுவது திரைக்கும் எளிதே. அதில் எழுதப்பட்டதை ஒருவர் அமர்ந்து படிக்கவேண்டும் என்பதே கடினம். எண்களைப் பொறி கூட்டும். சொற்களை மனிதனே படிக்க வேண்டும்.

வினவியவன் பட்ட கடன்

ஒருவரைக் கேட்பது அவரிடம் கடன் வாங்குவதற்கு ஒப்பாகும். அவருடைய நேரத்தை வாங்குகிறோம். பல்லாண்டுப் பட்டறிவை வாங்குகிறோம். சிலவேளை அவர் வேலைக்கே தீங்கு நேரக்கூடிய உண்மையையும் வாங்குகிறோம். அச்சடித்து, அஞ்சல்தலை ஒட்டி, முகவரி எழுதியவனுக்குத் தான் ஒன்றை வேண்டி நிற்கிறோம் என்னும் உணர்வு தானே தோன்றியது. மறுமொழி உறையில் அவன் ஒட்டிய அஞ்சல்தலை சிறுதொகையேயாயினும், 'உன் செலவை நான் ஏற்கிறேன்' என்ற மரியாதையின் அடையாளம் அது. செலவின்றிக் கேட்பவனுக்குக் கடனுணர்வும் இன்றிப் போய்விடுமோ என்பதே அஞ்சத்தக்கது.

அக்கடனின் முதற்கூறு மறைகாத்தல். 'உங்கள் பெயரைக் கேட்கவில்லை. ஆகவே அஞ்ச வேண்டா' என்று இணையப் படிவங்கள் உறுதி கூறுகின்றன. பெயரைக் கேட்காமலேயே மாவட்டம், பதவி, வயது, பணியாண்டு ஆகியவற்றைக் கேட்கின்றன. போர்ட்டிக்சன் மாவட்டம், தோட்ட மருத்துவ உதவியாளர், வயது ஐம்பத்தெட்டு, பணி முப்பதாண்டு என்று நான்கு கட்டங்களை நிரப்பினால், வட்டாரத்தார் எவருக்கும் அவர் யாரென்று தெரிந்துவிடும். நகரத்துக் கூட்டத்தில் ஒளியும் மனிதன் தோட்டத்தில் ஒளிய முடியாது. அன்றியும், எந்நேரத்தில் எந்தக் கருவியிலிருந்து விடை வந்தது என்பதை அவர் அறியாமலே திரை குறித்துவைக்க வல்லது. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகத் தொடர்புகளைப் பற்றியது. மத்திய, மாநில அரசுகளை அது கட்டுப்படுத்துவதில்லை. ஆய்வு அறநெறிக் குழுக்கள் விண்ணப்பத்தைச் சோதிக்கின்றன என்பது உண்மையே. ஆயினும் சட்டமும் குழுவும் எட்டாத இடத்தில் ஆய்வாளரின் மனச்சான்றே காவல்.

இரண்டாம் கூறு, கேட்டதைத் திருப்பித் தருதல். பாராகுவாட் என்னும் களைக்கொல்லியின் வரலாற்றை எண்ணிப் பாருங்கள். கண்ணெரிச்சல், மூக்கில் குருதி, தோற்புண், நகம் கழலுதல் ஆகியவற்றைத் தோட்டத்துப் பெண்கள் உடலால் அறிந்திருந்தனர். மருத்துவ உதவியாளர்கள் கண்ணால் கண்டிருந்தனர். தெனாகனித்தா அமைப்பினர் தோட்டங்களுக்கே சென்று மருந்தடிக்கும் பெண்களைக் கேட்டறிந்து 2002இல் அறிக்கை வெளியிட்டனர். அதே ஆண்டில் அரசு தடை விதித்தது; 2006இல் அத்தடை தளர்த்தப்பட்டது; 2020 ஜனவரி 1 முதலே முழுத்தடை நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளிலும் கைகள் தெளித்துக்கொண்டுதான் இருந்தன. கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுவோர்க்கு இவ்வரலாறு ஓர் எச்சரிக்கை. விடை கிடைத்த பின்னரே கேட்டவனின் கடமை தொடங்குகிறது. எத்தனையோ ஆய்வுகளுக்கு விடையளித்த தாதியரும் உதவியாளரும், அவ்விடை எங்குச் சென்றது, என்ன ஆயிற்று என்பதை அறியாமலே ஓய்வு பெறுகின்றனர். அஞ்சற்காலத்திலும் இக்குறை இருந்தது. அன்று முடிவை அச்சிட்டு அனுப்பப் பணமில்லை என்று காரணம் கூறலாம். விடையைக் காசின்றிப் பெற்ற அதே வழியில் முடிவையும் காசின்றி அனுப்பலாம் என்பதால், இன்று அந்தக் காரணமும் இல்லை.

'இவையெல்லாம் நல்லனவே, ஆனால் ஓர் இளம் ஆய்வாளரிடம் பணமும் இல்லை, ஆளும் இல்லை. கிடைத்த விடையைக் கொண்டு கணக்கியல் முறையில் திருத்தம் செய்து உண்மையை அணுகலாமே' என்று ஒருவர் கூறலாம். இக்கூற்றில் ஓரளவு நியாயம் உண்டு. சிலர் குறைவாகவும் சிலர் மிகுதியாகவும் விடையளித்திருந்தால், அவ்வேறுபாட்டைக் கணக்கியல் ஓரளவு சரிக்கட்டும். ஆனால் ஒரு வகுப்பாரிடமிருந்து ஒரு விடையும் வாராதபோது எதைப் பெருக்கிச் சரிசெய்வது? சுழியை எத்தனையால் பெருக்கினும் சுழியே. அன்றியும், இது துல்லியத்தைப் பற்றிய வினா மட்டும் அன்று. ஒரு தொழிலின் கடைசி வரிசையில் நிற்பவர், 'என்னை எவரும் ஒருபொழுதும் கேட்டதில்லை' என்று எண்ணிக்கொண்டே பணியை முடித்து வெளியேறுவது ஒரு சமுதாயத்துக்கு இழுக்கு. நூறு சரியான கணக்குகளும் அவ்விழுக்கைத் துடைத்துவிட முடியா.

காலமும் காத்திருக்கவில்லை. நீலாயிலும் சிரம்பானைச் சுற்றிலும் தோட்டங்கள் பல வீடமைப்புத் திட்டங்களாகிவிட்டன. எஞ்சிய தோட்டங்களில் இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளம் ஆகிய நாடுகளிலிருந்து வந்தோர் உழைக்கின்றனர். நம் பாட்டன்மார் பட்ட நோயை இன்று அவர்கள் படுகின்றனர். அவர்களுக்கு மருந்து கொடுக்கும் கையும் எண்ணிக்கையில் குறைந்துவருகிறது. ஒரு காலத்தில் தமிழ்த் தொழிலாளியின் காய்ச்சலை அறிந்த மூத்த உதவியாளர்கள் ஒவ்வொருவராய் மறைகின்றனர். அவர்கள் நினைவில் உள்ளதை எந்தப் படிவமும் இன்னும் முழுமையாக வாங்கவில்லை.

ஆகவே செய்யத்தக்கது யாது? திரையை விலக்க வேண்டா, அது வந்துவிட்டது, நன்மையும் உடையது. ஆனால் திரைக்கு முன்னே பதிவேடு வேண்டும். யாரைக் கேட்டோம், எத்தனை பேர் விடையளித்தனர், எந்த இடத்திலிருந்து எவரும் விடையளிக்கவில்லை என்பதை ஒவ்வோர் அறிக்கையும் முதற்பக்கத்திலேயே கூறவேண்டும். விடை வாராத இடத்துக்கு ஒரு கடிதமோ, ஒரு தொலைபேசி அழைப்போ, இயலுமாயின் ஓர் ஆளோ செல்லவேண்டும். வினாக்கள் விடையளிப்பவரின் மொழியில் இருக்கவேண்டும், நாம் எண்ணாததை அவர் எழுத ஓரிடம் விடவேண்டும், எழுதியதைப் படிக்கவேண்டும். சிற்றூரில் ஒருவரைக் காட்டிக்கொடுக்கும் கட்டங்களை நீக்கவேண்டும். இறுதியில் முடிவை, விடை தந்தவர் கையிலேயே முதலில் கொடுக்கவேண்டும். இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் தேவையில்லை, பொறுமை தேவை.

சிலியாவிலோ பகாவிலோ மருந்தகத்தைச் சாத்திவிட்டு வீடு திரும்பும் ஒரு மருத்துவ உதவியாளர், தம் கைப்பேசியில் வந்த வினாவைக் கண்டு, 'இவர்கள் என் பெயரை அறிந்து கேட்கிறார்கள். நான் கூறுவதைப் படிப்பார்கள். படித்ததை எனக்கும் கூறுவார்கள்' என்று நம்பி விடை எழுதும் நாள் வரவேண்டும். அந்த நம்பிக்கையைத் தாளால் தந்தாலும் சரி, திரையால் தந்தாலும் சரி, அதைத் தந்தவரே உண்மையில் கேட்டவர் ஆவர்.